காரியத்துக்கு ஒரு கணக்கு
(கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

விவசாயிக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் வரும்படியில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சம்பளக்காரருக்கு ஆண்டில் 12 முறை பணம் வருகிறது. ஒரு மாதத்தில் சற்றுத் தாராளமாகச் செலவிட்டுவிட்டாலும், அடுத்த மாதத்தில் அதைச் சரிசெய்துகொள்ள அவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கிறது. விவசாயிக்கோ குறுவை, சம்பா என்று ஆண்டில் இரண்டு முறையும், மானாவாரி நிலமாயின் பெரும்பாலும் ஒரே முறையும் பணம் மொத்தமாக வருகிறது. பட்ட கடன், அடுத்த பட்டத்துச் சாகுபடி, பல மாதச் சாப்பாடு, குழந்தைகளின் படிப்பு, எதிர்பாராத வியாதி ஆகிய யாவும் அந்த ஒரு தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அறுவடைப் பணம் வழிதவறிக் கரைந்துபோனால், அதைத் திருத்துவதற்கு அடுத்த அறுவடை வரையில் அவர் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் அவர் சென்று நிற்குமிடம் லேவாதேவிக்காரரின் திண்ணையே என்பதை நாம் அறிவோம்.

ஆகையால், கைக்கு வரும் பணத்தைக் காரியம் காரியமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கணக்கில் வைத்துவருவது விவசாயக் குடும்பத்துக்கு மிகவும் அவசியமாகும். அதன் காரணங்களையும், அதைச் செய்யும் முறையையும், அதில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. விதைக் கோட்டை போதிக்கும் பாடம்

இம்முறை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் நெல்லைக் களத்திலேயே பிரித்தார்கள். அறுப்புக் கூலியும் கோயிலுக்கு உரியதும் அங்கேயே அளக்கப்பட்டன. சாப்பாட்டு நெல் குதிருக்கும் பத்தாயத்துக்கும் சென்றது. விதைக்கு வேண்டியதை மட்டும் நன்றாகக் காயவைத்து, வைக்கோற்புரியால் இறுகச் சுற்றி, கோட்டையாகக் கட்டி வைத்தார்கள். பத்தாயத்தில் நெல் குறைந்தால் வீட்டார் அரை வயிறு உண்பார்களேயன்றி விதைக் கோட்டையை அவிழ்க்கத் துணியமாட்டார்கள். கோட்டையிலுள்ளதும் நெல், பத்தாயத்திலுள்ளதும் நெல். ஆயினும் கட்டு வேறாக இருந்தமையால் கருத்தும் வேறாக இருந்தது.

இக்காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சென்றுவிடுகிறது. அதன் கிரயம் ஒரே தொகையாகப் பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பாஸ் புஸ்தகத்தில் காணும் இலக்கத்தில் விதை எது, சாப்பாடு எது, கடன் எது என்ற பாகுபாடு தெரிவதில்லை. ரூபாய் 1,80,000 என்று எழுதியிருக்கக் கண்டால், அவ்வளவும் செலவு செய்வதற்கென்றே வந்ததுபோன்ற எண்ணம் எவருக்கும் உண்டாகும். இது ஒருவருடைய குணக்குறைவன்று. மனித மனத்தின் இயல்பு.

இவ்வியல்பைப் பரீட்சித்தவர்களும் உண்டு. திலீப் சோமன், அமர் சீமா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இந்தியக் கிராமப்புறத்துக் கூலி வேலைக்காரர்களிடையே நடத்திய சோதனையின் முடிவுகளை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிலருடைய சேமிப்புப் பணத்தை ஒரே உறையில் இட்டு ஒட்டினார்கள். வேறு சிலருடைய பணத்தை அதே அளவில் இரண்டு உறைகளாகப் பிரித்து ஒட்டினார்கள். இரண்டு உறைகள் வைத்திருந்தவர்களே அதிகமாக மிச்சம் பிடித்தார்கள். உறையின்மேல் அவர்களுடைய குழந்தைகளின் படத்தை ஒட்டியபோது சேமிப்பு மேலும் பெருகிற்று. ஓர் உறையைக் கிழிக்க நேர்ந்தாலும் மற்றோர் உறை தப்பிவிடுகிறது. ஒவ்வொன்றையும் கிழிக்கும்போது, ‘இது அவசியந்தானா?’ என்று மனம் ஒருமுறை தயங்குகிறது. விதைக் கோட்டையின் புரியும் அவ்வுறையின் ஒட்டும் செய்யும் வேலை ஒன்றே. தனிக் கணக்கு என்பதும் அவ்வேலையையே செய்கிறது.

2. ஓர் உதாரணம்

டெல்டாப் பகுதியில் மூன்று ஏக்கர் நிலம் சாகுபடி செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்து அவர்களுக்கு ரூபாய் 1,80,000 வருவதாகக் கொள்வோம். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் ரூபாய் 90,000. பணம் வந்த வாரத்திலேயே குடும்பத்தார் கூடி அதைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

சங்கத்துப் பயிர்க்கடனுக்கு: ரூபாய் 90,000
அடுத்த பட்டத்துச் சாகுபடிக்கு: ரூபாய் 36,000
ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு, மாதம் 6,000 வீதம்: ரூபாய் 36,000
குழந்தைகளின் படிப்புக்கு: ரூபாய் 10,000
ஆபத்துக் காலத்துக்கு: ரூபாய் 8,000
ஆக மொத்தம்: ரூபாய் 1,80,000

இதே குடும்பம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் விட்டுவைத்திருந்தால் என்ன நேரும்? தை மாதத்தில் உறவினர் வீட்டு விவாகத்துக்கு மொய் எழுத வேண்டிவரும். பழைய மோட்டார் சைக்கிளை மாற்றலாம் என்று பையன் சொல்வான். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்ற யோசனை எழும். இவை ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். கணக்கிலும் பணம் இருக்கும். ஆனால் கடன் தவணை வரும் நாளில் ரூபாய் 90,000-க்குப் பதிலாக 60,000-தான் மிஞ்சியிருக்கும்.

அந்த 30,000 ரூபாய்க் குறைவினால் உண்டாகும் நஷ்டத்தைக் கவனியுங்கள். 3 லட்சம் ரூபாய் வரையிலுள்ள பயிர்க்கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி. தவணைக்குள் செலுத்துகிறவர்களுக்கு மத்திய சர்க்காரின் சலுகையால் அது 4 ஆகக் குறைகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, தவணைக்குள் செலுத்தும் அங்கத்தினர் பயிர்க்கடனுக்கு வட்டியே கொடுக்க வேண்டியதில்லை. ரூபாய் 90,000-க்கு ஓராண்டு வட்டி நூற்றுக்கு 7 வீதம் ரூபாய் 6,300 ஆகும். தவணை தவறியவர் இச்சலுகையை இழப்பதோடு, சங்கத்தில் தவணை தவறியவர் என்ற பெயரையும் பெறுகிறார். அடுத்த பட்டத்துக்குக் கடன் கேட்பதும் கடினமாகிறது. மொய்க்கும் வெள்ளைக்கும் செலவான பணம் உண்மையில் சங்கத்துப் பணமே என்பதை அவர் அப்போதுதான் உணர்கிறார்.

3. என்னென்ன கணக்குகள் வேண்டும்?

(அ) சாகுபடிக் கணக்கு. கடன் செலுத்துதற்கும் அடுத்த பட்டத்துக்கும் உரிய பணம் இதில் இருக்க வேண்டும். சங்கத்திலோ, ஜில்லா மத்தியக் கூட்டுறவு பாங்கியிலோ இதை வைப்பது சௌகரியம். கடன் தொகையைத் தவணை நாள் வரை காத்திராமல் முன்னதாகவே செலுத்திவிடுவது எல்லாவற்றிலும் மேல். விதை, உரம், உழவுக் கூலி ஆகியவை தவிர வேறெதற்கும் இக்கணக்கில் கை வைத்தலாகாது. ஆண்டு முடிவில் இக்கணக்கின் பாஸ் புஸ்தகத்தைப் பார்த்தால், பயிரில் லாபமா நஷ்டமா என்பதும் தானே விளங்கும். நம்மில் பலர் பல ஆண்டுகள் பயிர் செய்தும் இதை அறியாதிருப்பதற்குக் காரணம், வீட்டுச் செலவும் வயற்செலவும் ஒரே கணக்கில் கலந்து கிடப்பதே.

(ஆ) குடும்பச் செலவுக் கணக்கு. மாதத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையை மட்டும் இதில் வைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு முதல் கைபேசி வழியாகப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை வழக்கத்துக்கு வந்துள்ளது. அம்முறையையும் ஏ.டி.எம். அட்டையையும் இக்கணக்கு ஒன்றோடு மட்டும் சேர்த்துக்கொள்ளுதல் நலம். வஞ்சகர் ஒருவர் கைபேசியில் ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ இரகசிய எண்ணைப் பெற்றுவிட்டாலும், அவருக்கு அகப்படுவது ஒரு மாதச் செலவுத் தொகையே. ஆண்டு முழுவதற்குமான அறுவடைப் பணம் தப்பிவிடும். அவ்வாறு மோசம் போனவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

(இ) ஆபத்துக் கணக்கு. வியாதி, கால்நடைச் சாவு, புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கு உரியது இது. இதைத் தபாலாபீஸ் ஸேவிங்ஸ் பாங்கியில் வைக்கலாம். இந்தியா முழுவதற்குமாக 1882-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்த ஸ்தாபனத்தில் வைக்கும் பணத்துக்குச் சர்க்காரே பொறுப்பு. எளிதில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் தினந்தோறும் கண்ணிற்படக் கூடாது. அதற்குத் தகுந்த இடம் இதுவே.

(ஈ) குழந்தைகளின் கணக்கு. இது நீண்டகாலப் பணமாதலால் எளிதில் எடுக்க முடியாத வகையில் இருப்பதே நன்மை. தபாலாபீஸில் மாதம் 100 ரூபாய் முதற்கொண்டு ஐந்து ஆண்டுகள் கட்டிவரும் தொடர் வைப்பு உண்டு. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பேரில் ‘சுகன்யா சம்ருத்தி’ கணக்கை 2015-ஆம் ஆண்டு முதல் திறக்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய்க்குக் குறையாமல் 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். 21 ஆண்டுகளில் அது முதிர்வடையும். பெண்ணுக்கு 18 வயது நிறைந்தபின் மேற்படிப்புக்காகப் பாதி வரையில் எடுக்கலாம். பையனுடைய படிப்புக்கு வைத்த பணத்தை மாடு வாங்க எடுத்தலும், பெண்ணின் பணத்தை வழக்குக்கு எடுத்தலும் இதனால் தடைப்படும்.

(உ) ஸ்திரீகளின் கணக்கு. நடவுக் கூலி, பால் விற்ற பணம், சுயஉதவிக் குழுவில் பெற்ற தொகை ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் தங்கள் சொந்தப் பேரிலேயே வைத்தல் வேண்டும். பாஸ் புஸ்தகமும் அவர்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென இறந்தால், அவர் பேரிலுள்ள கணக்கிலிருந்து பணம் பெறச் சான்றுகளும் தாமதமும் ஏற்படக்கூடும். அந்நாட்களில் அடுப்பு எரிவதற்கு மனைவியின் கணக்கே துணை. இதைக் கணவர்கள் அவநம்பிக்கை என்று எண்ணலாகாது. குடும்பத்துக்கு இட்ட இரண்டாவது தூண் என்றே எண்ண வேண்டும்.

(ஊ) பிறர் பணம். திருவிழா வசூல், குளம் வெட்டும் நன்கொடை, குழுவின் சந்தா ஆகியவற்றை நம்பிக்கையின்பேரில் ஒருவரிடம் கொடுப்பது கிராமங்களில் வழக்கம். அவர் அதைத் தம் சொந்தக் கணக்கில் வைத்தால் மூன்று விபரீதங்கள் உண்டாகலாம். அவர் பாங்கிக்குக் கடன்பட்டிருந்து தவணை தவறினால், அவர் பேரிலுள்ள பணத்தைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப் பாங்கிக்கு உரிமை உண்டு. அது கோயிற்பணம் என்பது பாங்கிக்குத் தெரியாது. அவர் இறந்துபோனால் பணம் அவருடைய நாமினியிடமும் வாரிசுகளிடமும் சிக்கிக்கொள்ளும். அவர் நேர்மையாளராகவே இருந்தாலும், கலந்த பணத்துக்குக் கணக்குக் காட்ட இயலாமல் அபவாதத்துக்கு ஆளாவார். ஆதலால் பொதுப் பணத்துக்கு அக்கமிட்டியின் பேரிலேயே, இருவர் கையொப்பமிட்டால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனையுடன், தனிக் கணக்குத் திறப்பதே முறை. இது பணத்தையும் காக்கும்; மனிதருடைய மானத்தையும் காக்கும்.

4. எல்லாம் ஒரே பாங்கியில் இருக்கலாமா?

கணக்குகள் பலவாக இருந்தாலும் அவை யாவும் ஒரே பாங்கியில் இருந்தால் ஒரு காரியம் நிறைவேறும், மற்றொன்று நிறைவேறாது. பணம் காரியவாரியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் அந்தப் பாங்கிக்கே இடையூறு நேர்ந்தால் எல்லாம் ஒருங்கே நின்றுபோம்.

நம் மாகாணத்தின் சரித்திரத்தில் இதற்குச் சாட்சிகள் உண்டு. சென்னையில் பெரும் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் முறிந்தது. எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதற்கடுத்த ஆண்டில் இந்தியன் பாங்கி தோன்றியதற்கு அந்த முறிவும் ஒரு காரணம். திருவாங்கூர் நாஷனல் அண்ட் குயிலான் பாங்கி 1938-இல் முறிந்தது. கேரளத்துப் பாலா சென்டிரல் பாங்கி 1960-இல் மூடப்பட்டது. இதன் பின்னரே பாங்கி டிபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் சட்டம் இயற்றப்பட்டு, 1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு டிபாசிட்தாரருக்கு 1,500 ரூபாய் வரையிலேயே பாதுகாப்பு இருந்தது. அது படிப்படியாக உயர்ந்து, 1993-இல் 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் ஆயிற்று.

இப்பாதுகாப்பைப்பற்றி அங்கத்தினர் நான்கு விஷயங்களை அறிதல் வேண்டும். முதலாவது, 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்ந்த கணக்கு. இரண்டாவது, ஒருவர் அதே பாங்கியின் பல கிளைகளில் வைத்த பணம் ஒன்றாகவே கூட்டப்படும். வெவ்வேறு பாங்கிகளில் வைத்ததற்குத் தனித்தனியே பாதுகாப்பு உண்டு. மூன்றாவது, ஒரு பாங்கியில் பணம் எடுப்பதை ரிசர்வ் பாங்கி தடுத்துவைத்தால், இன்ஷூரன்ஸ் தொகையை 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டுமென்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. நான்காவது மிக முக்கியமானது. மத்தியக் கூட்டுறவு பாங்கிகளுக்கு இந்த இன்ஷூரன்ஸ் உண்டு; கிராமத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு நாணயச் சங்கங்களின் டிபாசிட்டுக்கு இல்லை. சங்கத்தில் டிபாசிட் வைப்பதன் பாதுகாப்பு, அதன் நிர்வாகத்திலும், தணிக்கையிலும், அங்கத்தினராகிய நம் விழிப்பிலுமே அடங்கியிருக்கிறது. மகாசபைக் கூட்டத்துக்குச் சென்று தணிக்கை அறிக்கையைக் கேட்பது இதனால் நமக்குக் கடமையாகிறது.

2019 செப்டம்பரில் பம்பாயில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு பாங்கியில் பணம் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டபோது, முதலில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 1,000 ரூபாயாகவே இருந்தது. வேறிடத்தில் ஒரு சிறு கணக்கேனும் வைத்திருந்தவருக்கும், அனைத்தையும் அங்கேயே வைத்திருந்தவருக்கும் அன்று இருந்த நிலைமையின் வேறுபாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

5. அளவு கடந்தால்

கணக்கு பல என்பதற்காகக் கண்ட இடமெல்லாம் கணக்குத் திறப்பது பேதைமை. சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு நான்கைந்து கணக்குகள் போதும். இவற்றில் பின்வரும் எச்சரிக்கைகளைக் கைக்கொள்க:

முதலாவதாக, சில பாங்கிகள் குறைந்த அளவு இருப்பு வைக்கும்படி கேட்கும். தவறினால் அபராதம் பிடிக்கும். இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லாப் பாங்கிகளிலும் உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவர் அதே பாங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்கு வைக்க இயலாது.

இரண்டாவதாக, இரண்டு ஆண்டுகள் தாமாகப் போடவோ எடுக்கவோ செய்யாத கணக்கு இயங்காக் கணக்காகிவிடும்; பாங்கி வட்டியை வரவு வைப்பது மட்டும் போதாது. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் பாங்கியின் நிதிக்கு மாற்றப்படும். பின்னரும் உரியவர் கேட்டுப் பெறலாமெனினும் அலைச்சல் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு கணக்கிலும் 100 ரூபாய் போட்டெடுத்தால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவதாக, ஆதார் எண்ணைக்கொண்டு அனுப்பப்படும் சர்க்கார் உதவித் தொகைகள், அவ்வெண்ணுடன் கடைசியாக இணைக்கப்பட்ட ஒரே பாங்கிக் கணக்குக்கே செல்லும். புதுக் கணக்குத் திறக்கும்போது இவ்விணைப்பு மாறிவிடுவதால், பழைய பாஸ் புஸ்தகத்தைப் பார்த்துப் பணம் வரவில்லை என்று கலங்குவோர் உளர். எது இணைந்த கணக்கு என்பதைப் பாங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, ஒவ்வொரு கணக்கிலும் நாமினியின் பேரைப் பதிவு செய்தல் வேண்டும். கணக்குகளின் ஜாபிதா ஒன்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நம்பிக்கைக்குரிய இன்னொருவர் அறிய வைத்தல் வேண்டும். ஒருவருக்கும் தெரியாத கணக்கு, புதைத்த இடம் மறந்த பொற்காசுக்குச் சமானம். இரகசிய எண்களை மட்டும் அத்தாளில் எழுதலாகாது.

ஐந்தாவதாக, கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது வேறொரு கணக்கில் குறைந்த வட்டிக்குப் பணத்தைத் தேக்கிவைப்பது சேமிப்பாகாது. ஆபத்துக்கு வேண்டிய சிறு தொகையை நிறுத்திக்கொண்டு, மிகுதியைக் கொண்டு அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும்.

6. சங்கத்தின் கடமை

1895, 1897-ஆம் ஆண்டுகளில் பிரடெரிக் நிக்கல்ஸன் சென்னை ராஜாங்கத்துக்கு அளித்த அறிக்கைகளில், ஜெர்மனி தேசத்து ரெய்பீஸன் முறையைப் பின்பற்றிக் கிராம நாணயச் சங்கங்கள் ஏற்பட வேண்டுமென்று வற்புறுத்தினார். 1904-இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திரூரில் சங்கம் தோன்றிற்று. அச்சட்டத்தின் முகவுரையில், சங்கங்களின் நோக்கங்களாகக் கூறப்பட்டவற்றுள் சிக்கனமே முதலாவதாக நின்றது. கடன் கொடுப்பதும் வாங்குவதும் மட்டுமே சங்கத்தின் வேலை என்று எண்ணுவது, அதன் பிறப்பையே மறப்பதாகும்.

ஆதலால் பஞ்சாயத்தாரும் காரியதரிசியும், அறுவடைக் காலத்தில் அங்கத்தினர் பணத்தைப் பிரித்து வைப்பதற்கு உதவி செய்ய வேண்டும். தவணை நாட்களை எழுதி ஒட்டுதல், பாஸ் புஸ்தகத்தின் மேலட்டையில் ‘விதை’, ‘கடன்’, ‘படிப்பு’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தல், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வெவ்வேறு நிறத்து அட்டை போட்டுக் கொடுத்தல் ஆகியவை செலவில்லாத உபகாரங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கணக்கிலே போடுவதையும் அங்ஙனமே அளந்து, பிரித்துப் போடுவோமாக.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற அறுவடைப் பணத்தில் கடன், சாகுபடி, வீட்டுச் செலவு ஆகியவற்றுக்குச் சென்ற தொகை எவ்வளவு? உங்கள் பாஸ் புஸ்தகத்தைக்கொண்டு சொல்ல முடியுமா?
2. உங்கள் பயிர்க்கடனின் தவணை நாள் யாது? அது தவறினால் எவ்வளவு வட்டி சேரும்?
3. நம் ஊர்ப் பொதுப் பணம் எவருடைய பேரில் இருக்கிறது? எடுப்பதற்கு எத்தனை கையொப்பங்கள் வேண்டும்?
4. உங்கள் ஆதார் எண் எந்தக் கணக்குடன் இணைந்துள்ளது? இரண்டு ஆண்டுகளாகத் தொடாத கணக்கு ஏதேனும் உண்டா?
5. வீட்டுத் தலைவர் இல்லாதபோது எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும் என்பது உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியுமா?

அங்கத்தினர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு வருமுன், தம் வீட்டாரோடு அமர்ந்து, இரண்டாம் பிரிவில் காட்டியபடி தம் குடும்பத்துப் பணத்தை ஒரு தாளில் பிரித்து எழுதிக்கொண்டு வருவாராக.